எலிசாளின் வலது தோள்

வெண்ணெய் மாதிரி இருக்காம். வெண்ணெயை வளைக்க எந்த மனுஷன் இப்படிப் பல்லைக் கடிப்பான்? கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நிற்கிறது. முழங்கை இரண்டும் கோழி சிறகடிக்கிற மாதிரி விரிந்து என் விலாவில் வந்து இடிக்கிறது. வெண்ணெயாம்.

இதை எலிசாள் வாய்விட்டுச் சொல்லவில்லை. சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடிக்கு வெளியே எதையோ பார்க்கிறவள் போல இடதுபக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். பாலராமபுரம் ஜங்ஷனில் விழிஞ்ஞம் ரோட்டுக்குத் திரும்புவதற்குள் அவள் புருஷன் யோசுவா ஸ்டீயரிங்கை மூன்று தவணையாக இழுத்து முடித்தார். பின்னால் ஒரு டிரெய்லர் லாரி பொறுமையிழந்து ஹாரன் அடித்தது.

"பாத்தியா, எப்படி வளையுதுன்னு? வெண்ணெய்," என்றார் மறுபடியும். சொல்லிவிட்டுச் சட்டைக் கையால் மேலுதட்டைத் துடைத்துக்கொண்டார். ஜனவரி மாதம், காலை எட்டேகால் மணி. வியர்க்க ஒரு நியாயமும் இல்லை.

அந்த நிமிஷத்தில்தான் எலிசாளுக்கு விஷயம் விளங்கியது. இவருக்கும் கனக்கிறது. இரண்டு மாதமாக இவருக்கும் கனத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

கார் அவளுடையது. விழிஞ்ஞத்தில் அரசு சுகாதார நிலையத்தில் அவள் பார்மசிஸ்ட். பதினாலு வருஷத்துக்கு முன்னால் தன் சம்பளத்தில் லோன் போட்டு வாங்கியது. பவர் ஸ்டீயரிங் உள்ள மாடலைத்தான் அவள் கேட்டாள். "பொம்பள ஓட்டுறதுக்கு இது போதும்" என்று யோசுவா அடியிலும் அடி மாடலைப் பார்த்து முடித்துவைத்தார். போகட்டும் என்று அவளும் பவர் இல்லாத அந்த வண்டியோடு பழகிக்கொண்டாள். நேமத்திலிருந்து காலையில் நாற்பது நிமிஷம், சாயங்காலம் நாற்பது நிமிஷம். அந்த நேரத்தில் அவளிடம் யாரும் மாத்திரையோ சாம்பாரோ கேட்பதில்லை. பாட்டுப் போட மாட்டாள். சில நாள் தனக்குத்தானே பேசிக்கொள்வாள், சில நாள் அதுவும் இல்லை. வேறு பெண்கள் தங்க வளையலைப் பொத்திவைப்பது போல அந்த எண்பது நிமிஷத்தை அவள் பொத்திவைத்திருந்தாள். அது கையைவிட்டுப் போன பிறகுதான் அதன் எடை தெரிந்தது.

போனது இப்படித்தான். போன வருஷ மழைக்குப் பிறகு, இடப்பக்கம் திருப்பும்போது ஸ்டீயரிங் எங்கேயோ பிடித்துக்கொண்டு, பிறகு ஒரு துள்ளலோடு விடுபட்டது. திருப்பி முடித்தால் தானாக நேரே வரவில்லை. அவள் யோசுவாவிடம் சொன்னாள். அவர் டயரை ஒரு உதை உதைத்துப் பார்த்து, "தேஞ்சிருக்கு, அதாக்கும்" என்றார். டயர் தேய்ந்திருந்தது உண்மைதான். ஆகவே டயர் மாற்றுவது என்று முடிவாயிற்று. எங்கே என்ற கேள்வியே எழவில்லை. அவர்கள் சபையில் பல் வைத்தியர் இருந்தால் பல்லை அவரிடம்தான் பிடுங்கவேண்டும். பந்தல்காரர் இருந்தால் மழை ஒழுகினாலும் அவர் பந்தல்தான். சபை ஊழியத்தில் உதவுகிற டீக்கன் ஜிஜி டயர்க்கடை வைத்திருந்தான், யோசுவா சபைச் செயலாளர். அதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது?

"அக்கா, நூத்தம்பத்தஞ்சு எல்லாம் சைக்கிள் டயர் போலயாக்கும்," என்றான் ஜிஜி. "நான் நூத்தெழுபத்தஞ்சு போட்டுத் தாறேன். ரோட்டை அப்படியே கட்டிப்பிடிச்சுக்கிடும். செக்ரட்டரி சாருக்க வண்டின்னா ஒரு கெத்து வேண்டாமா?"

"அகலம் கூடினா நல்லதுதானே," என்றார் செக்ரட்டரி சார்.

நெருக்கமான பாதையே நல்லது என்று ஞாயிறுதோறும் பிரசங்கம் கேட்டுத் தலையாட்டுகிற இரண்டு பேரும் டயர் விஷயத்தில் மட்டும் அகலத்தின் பக்கம் நின்றார்கள். கம்பெனி சொன்ன அளவு எது, இந்த டயர் எப்போது செய்தது என்று யாரும் கேட்கவில்லை. சகோதரனிடம் தேதி கேட்பது விசுவாசக் குறைவு. நாலு டயரையும் மாட்டியதும் ஜிஜி பானெட்டில் கைவைத்துச் சின்னதாக ஒரு ஜெபமும் செய்தான்.

மறுநாளிலிருந்து வண்டி கல்லுரல் ஆகிவிட்டது. சுகாதார நிலையத்து முற்றத்தில் ஆம்புலன்ஸுக்கும் மதிலுக்கும் நடுவே வண்டியை நுழைக்க எலிசாள் இருக்கையிலிருந்து பாதி எழுந்து நின்று இழுத்தாள். இரண்டாம் வாரம் தோள் குத்தத் தொடங்கியது. மூன்றாம் வாரம் புருஷனிடம் சொன்னாள்.

"புது டயர் போட்டாச்சு," என்றார் யோசுவா, கணக்கு வாத்தியார் மாதிரி விரலை மடக்கிக்கொண்டு. "பெறகும் கனக்குதுன்னா வண்டிக்கு ஒரு கொழப்பமும் இல்ல. ஒனக்க தோளுக்குத்தான் கொழப்பம். அம்பத்துநாலு வயசு. சுகர் வேற இருக்கு. இந்த வயசுல தோள் இறுகும், கேட்டியா?"

அவள் கேட்டாள். அதுதான் இப்போது அவளுக்கு ஆறவில்லை. எவ்வளவு சீக்கிரம் கேட்டுக்கொண்டாள்! காரைக் குற்றம் சொல்ல ஆதாரம் வேண்டியிருந்தது. அவள் உடம்பைக் குற்றம் சொல்ல யாருக்கும், அவளுக்கும்கூட, எதுவும் வேண்டியிருக்கவில்லை. "எப்பம்மா தொடங்கிச்சு, அதுக்கு முன்னால புதுசா என்ன செஞ்சீங்க?" என்று வரிசையில் நிற்கிற மீன்காரப் பெண்களிடம் இருபத்தெட்டு வருஷமாகக் கேட்கிறவள், அந்தக் கேள்வியைத் தன்னிடம் ஒருமுறை கேட்டிருக்கலாம். கேட்காமல் பிசியோதெரபிக்குப் போனாள். சுவரில் விரலை எறும்பு ஏறுவது போல ஏற்றி இறக்கினாள். சாவியைக் கொடுத்தாள்.

யோசுவா கூட்டுறவு வங்கியிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பேப்பர் படித்து முடித்ததும் என்ன செய்வது என்று தெரியாத மனுஷனுக்கு ஒரு பெண்டாட்டியின் தோள் வலி பெரிய வேலைவாய்ப்பு. காலையில் கொண்டுவிடுவார், சாயங்காலம் கூட்டிவருவார், வழியெல்லாம் போனில் பிரசங்கம் ஓடும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் விண்ணப்பமும் வாசித்தார்: "சகோதரி எலிசாள் அம்மாளின் வலது தோள் சுகத்துக்காக." ஏழு ஞாயிறு. ஒவ்வொரு ஞாயிறும் வாசலில் பெண்கள் அவள் தோளைத் தொட்டுப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். "பாவம், சார்தான் கொண்டுவிடுதாராமே. இப்படி ஒரு ஆள் கெடைக்கணுமே" என்றாள் ஒருத்தி. தோள் நல்ல இடம்தான், யார் வேண்டுமானாலும் கைவைக்கலாம்.

இப்போது அந்தக் கிடைத்தற்கரிய ஆள் அவளைச் சுகாதார நிலைய வாசலில் இறக்கிவிட்டு, வண்டியைத் திருப்ப ஆறு தடவை முன்னும் பின்னும் போனார். எலிசாள் தூணருகே நின்று எண்ணினாள். ஆறாவது தடவை அவர் நாக்கு வெளியே எட்டிப்பார்த்தது. தனக்குக் கனக்கிறது என்று சொன்னால் அவள் தோள் குணமாகிவிடும். அவருக்கு வேலை போய்விடும். அவ்வளவுதான் சங்கதி. பெரிய சதி என்றால்கூட ஒரு மரியாதை இருந்திருக்கும். இவர் வெறுமனே வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார், அதை வெண்ணெய் என்று வேறு பேர் வைத்திருக்கிறார்.

சனிக்கிழமை சபைக் கமிட்டிக்கு யோசுவாவை யாரோ பைக்கில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எலிசாள் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு கரமனைக்கு வண்டியை விட்டாள். ஆம்புலன்ஸ் டிரைவர் சொல்லியிருந்த ஒர்க்‌ஷாப் அங்கே இருந்தது. நடத்துகிறவன் பால்பாண்டி, சிவகாசிப் பக்கத்து ஆள். பதினேழு வருஷமாகத் திருவனந்தபுரத்தில் இருந்தும் மலையாளம் அவன் பேச்சில் மேலாகத்தான் ஒட்டியிருந்தது. உள்ளே நுழைந்த வண்டியைப் பார்த்த பார்வையிலேயே அவனுக்கு முகம் சுளித்துவிட்டது.

"யாருக்கா இத ஓட்டுறது?"

"நான்தான்."

"இதையா? கையாலயா?" சக்கரத்தருகே குனிந்தான். "இந்த டயர எவன் மாட்டுனான்?"

"சபையில உள்ள ஒரு ஆளு."

"எந்தச் சபை, சட்டசபையா? அங்கதான் இப்படி வேலை செய்வாங்க." டிரைவர் கதவைத் திறந்து, நிலையின் கீழே ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கரைக் காட்டினான். "படிங்க."

அளவு 155 என்று இருந்தது. காற்று எவ்வளவு என்பதும் இருந்தது. மருந்து டப்பாவில் கடுகு அளவு எழுத்தைப் படித்துச் சம்பளம் வாங்குகிறவள், பதினாலு வருஷமாக இந்தக் கதவைத் திறந்து மூடியிருக்கிறாள். அவளுக்குத் தன்மேலேயே ஒரு இளக்காரம் வந்தது.

"பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டின்னா சமாளிச்சிக்கிடும்," என்றான் பால்பாண்டி. "இது மொத்தமும் ஒங்க கையி. ரோட்டுல ஒட்டுற அகலம் கூடுனா நின்ன எடத்துல திருப்ப முடியுமா? எலிக்கு எருமைக் கொளம்பு மாட்டுன மாதிரி."

எலிசாள் குந்தி உட்கார்ந்து டயரின் பக்கவாட்டைப் பார்த்தாள். ஒரு நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருந்தது. 1419. மருந்து அட்டையில் பார்த்துக் கண்ணுக்குப் பழகிய மாதிரி இருந்தது.

"இது தேதியா?"

"ஆமாக்கா. ரெண்டாயிரத்துப் பத்தொம்பது, பதினாலாவது வாரம். எப்ப மாட்டுனாங்க?"

"போன நவம்பர்ல. புதுசுன்னு சொல்லி."

"புதுசுதான். ஓடாம ஒரு எடத்துல ஒக்காந்திருந்தா எல்லாம் புதுசுதான்." அவன் ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்தான். "இருங்க, டயரு மட்டும் இவ்வளவு செய்யாது."

முன்பக்கத்தைத் தூக்கினான். சக்கரம் இரண்டும் தரையைவிட்டு அந்தரத்தில் நின்றன. அவளை உள்ளே உட்காரச் சொல்லித் திருப்பச் சொன்னான். இப்போது ரோடு இல்லை, பாரம் இல்லை. வலப்பக்கம் லேசாகப் போயிற்று. இடப்பக்கம் பாதியில் பிடித்தது, இறுகியது, பிறகு 'டங்' என்று துள்ளி விட்டது.

பால்பாண்டி சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டான். "மறுபடி திருப்புங்க. ம். மறுபடி." கையை எடுத்துத் துடைத்தான். "இந்த ஸ்பிரிங்குக்கு மேல ஒரு பேரிங் உண்டு. நீங்க திருப்புனா ஸ்பிரிங்கும் கூடவே சுத்தணும். பேரிங் துருப்பிடிச்சுச் செத்துப்போச்சு. ஸ்பிரிங்கு சுத்தாம முறுக்கிக்கிட்டு நின்னு துள்ளுது. கடற்கரையில நிறுத்துற வண்டிதான?"

"அப்ப என் தோளு?" என்று கேட்டுவிட்டாள். கேட்க நினைக்கவே இல்லை.

"தோளா?" அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "அதுக்கு எங்கிட்ட ஸ்பேர் கெடையாதுக்கா. ஆனா இத ரெண்டு மாசம் ஓட்டுனா எனக்கே தோளு எறங்கிரும். நீங்க எப்படி ஓட்டுனீங்கன்னுதான் பாக்குறேன்."

ஏழு ஞாயிறில் யாரும் சொல்லாத வார்த்தை. அதை அவன் மரியாதைக்காகச் சொல்லவில்லை, எரிச்சலில்தான் சொன்னான். எலிசாளுக்கு அதுவே போதுமாக இருந்தது. அவள் கை சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. 'கனக்கிறது' என்றது, கனத்தது. அந்தக் கையின் பேச்சை அவள்தான் நம்பவில்லை.

இரண்டு பக்கத்துப் பேரிங்கையும் மாற்ற மத்தியானம் ஆயிற்று. அதன்பிறகு கிள்ளிப்பாலத்தில், ஆரியசாலைக்குத் திரும்புகிற இடத்திலிருந்த ஒரு டயர்க்கடையில் நுழைந்தாள். எந்தச் சபையைச் சேர்ந்த கடை என்று அவளுக்குத் தெரியாது. அதனால்தான் நுழைந்தாள். முதலாளி நாகேஸ்வரன் நெற்றியில் சந்தனத்தோடு எழுந்து வந்தார்.

"நூத்தம்பத்தஞ்சு, பதிமூணு இஞ்சு," என்றாள்.

"அதெல்லாம் இப்ப ஆரு சேச்சி போடுது? கொஞ்சம் அகலமா..."

"நூத்தம்பத்தஞ்சு."

அவர் உள்ளே குரல் கொடுத்து நாலு டயரை உருட்டச் சொன்னார். எலிசாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து, ஒவ்வொன்றையும் சுற்றிச் சுற்றி இலக்கத்தைத் தேடினாள். இரண்டு வருஷத்துக்கு முந்தியது. வேண்டாம் என்றாள். அடுத்த நாலில் இரண்டு ஒரு தேதி, இரண்டு வேறு தேதி. அதுவும் வேண்டாம்.

"எந்தா சேச்சி, டயருக்கு ஜாதகம் பாக்கறீங்களா?"

"ஜாதகம் வேண்டாம். பொறந்த தேதி மட்டும் போதும்."

"இப்படி ஒரு கஸ்டமரை நான் பாத்ததில்லே," என்றார் நாகேஸ்வரன். குரலில் பாதி கேலி, பாதி பயம். "இன்ஸ்பெக்‌ஷனா?"

"மருந்து குடுக்கிற வேலை. தேதி பாக்காம எதையும் வாங்க மாட்டேன்," என்றாள். சொல்லும்போதே அது போன நவம்பரில் பொய்யாய் இருந்தது என்று நாக்கு கசந்தது.

மூன்றாவது தடவை, உள் அறையிலிருந்து வந்த எல்லாமே நாலு மாதத்துக்கு முந்தியது. அதிலும் இரண்டு வகை இருந்தது. ஒன்று கெட்டி ரப்பர். அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடும் என்றார். மற்றது மிருதுவான ரப்பர். சீக்கிரம் தேயும், ஆனால் ஈரத்தில் பிடித்து நிற்கும். எலிசாள் நகத்தால் அழுத்திப் பார்த்தாள். விழிஞ்ஞம் ரோட்டில் மழைநாளில் கண்டெய்னர் லாரியின் பின்னால் போகிறவளுக்கு எது வேண்டும் என்பதில் குழப்பமில்லை. மிருதுவானதைப் போடச் சொன்னாள். ஜிஜி விற்ற நாலையும் டிக்கியிலும் பின் சீட்டிலும் திணித்துக்கொண்டாள். சக்கரக் கோணத்தையும் சரிபார்த்துக் கொடுத்தார்கள்.

கிள்ளிப்பாலம் சிக்னலில் வண்டி திரும்பியது. திரும்பி முடிந்ததும் ஸ்டீயரிங் அவள் உள்ளங்கையில் வழுக்கிக்கொண்டு தானாக நேரே வந்து நின்றது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. நேமத்துக்குள் வீட்டைத் தாண்டி இன்னும் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தாள்.

யோசுவா வாசலில் நின்றிருந்தார். போர்ட்டிகோவில் அடுக்கிவைத்த நாலு டயரைப் பார்த்து, அவளைப் பார்த்தார்.

"யாரிட்ட கேட்டு மாத்தின?"

"வண்டிக்கிட்ட."

அவர் சாவியை வாங்கிக்கொண்டு, தெருமுனைவரை ஓட்டிவிட்டு வந்தார். இறங்கும்போது முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

"எப்படி இருக்கு?"

"முன்னயும் நல்லாத்தான் இருந்துது," என்றார்.

மறுநாள் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு ஜிஜி வருகிறான் என்று தெரிந்ததும், பழைய திரைச்சீலையை எடுத்து டயர்மேல் போர்த்தினார். போர்த்திய பிறகு அது சரியாக நாலு டயரைத் திரைச்சீலையால் போர்த்தியது போலவே இருந்தது. ஜிஜி அதன்மேல் ஹெல்மெட்டை வைத்துவிட்டு உள்ளே வந்தான்.

திங்கட்கிழமையிலிருந்து எலிசாள் தானே ஓட்டிக்கொண்டு போனாள். யோசுவா இரண்டு நாள் வாசலில் வந்து நின்றார், மூன்றாம் நாள் பேப்பரை விரித்தார். ஒரு வாரத்தில் தோள் குத்துவது குறைந்தது. அடுத்த வாரம் அவள் அதை மறந்தே போனாள்.

மறக்காதவர் யோசுவா. அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவளிடம் வந்து, "தோள் எப்படி இருக்கு?" என்றார்.

"வலி இல்ல."

"ஸ்தோத்திரம்." உடனே போனை எடுத்தார். "நாளைக்கு ஆராதனையில ஒரு ரெண்டு வார்த்தை சாட்சி சொல்லிரு. போதகர்ட்ட சொல்லியாச்சு."

"என்னத்துக்கு?"

"ஏழு ஞாயிறு சபை ஜெபிச்சிருக்கு. பதில் சொல்லாண்டாமா?"

"பதில் பேரிங்காக்கும். டயரும் உண்டு."

"கர்த்தர் பேரிங் வழியாவும் கிரியை செய்வார்," என்றார் யோசுவா. யோசித்துவைத்திருந்த வாக்கியம். "ஆனா அந்தக் கதையெல்லாம் சபைக்கு எதுக்கு? ஜிஜி மனசு நோகும். ஏப்ரல்ல சபை எலெக்‌ஷன் வருது. தோள் வலிச்சுது, ஜெபிச்சாங்க, சொகமாச்சு. இதுல என்ன பொய்?"

மாவைப் புரட்டிக்கொண்டே எலிசாள் யோசித்தாள். ஒவ்வொரு துண்டாக எடுத்தால் பொய் இல்லைதான். வலித்தது, ஜெபித்தார்கள், சுகமாயிற்று. சேர்த்துத் தைத்த நூலில்தான் பொய் இருந்தது. கடவுளை அவள் இந்த வழக்கில் இழுக்கவில்லை. அவருக்குக் கதவிலிருந்த ஸ்டிக்கர் தெரிந்திருக்கும். அவள் பயந்தது வேறொன்றுக்கு. சுகமான தோள் என்று சபை நடுவே அவள் வாயாலேயே பதிந்துவிட்டால், பழுதான தோள் என்பதும் சேர்ந்து பதிந்துவிடும். அடுத்த மழையில் வண்டி எங்கே முரண்டு பிடித்தாலும் முதலில் தேடுவது அந்தத் தோளைத்தான். சாவி ஆணிக்குப் போகும். இடதுபக்கத்து இருக்கை காத்திருக்கும்.

"நான் சொல்ல மாட்டேன்," என்றாள்.

"சரி, நீ பேசாண்டாம். நானே சொல்லுதேன்," என்றார் யோசுவா, பெரிய மனசோடு. அவள் வாயைத் திறப்பதற்குள் போதகர் கூப்பிட, போனோடு முற்றத்துக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பாட்டு முடிந்ததும், செயலாளர் நாற்காலியிலிருந்து எழுந்து யோசுவா மைக்கைப் பிடித்தார். தன் மனைவியின் வலது தோள் பட்ட பாட்டை விவரித்தார். தலை சீவக்கூட முடியாமல் இருந்தாளாம். அது எலிசாளுக்கே புதிய செய்தி. டீக்கன் ஜிஜி முன்வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு தலையசைத்தான். போதகர் புன்னகையோடு பெண்கள் பக்கம் திரும்பினார்.

"சகோதரி எலிசாள் எழுந்து நிற்கட்டும். நாம் எல்லாரும் ஸ்தோத்திரம் சொல்லுவோம்."

இருநூறு தலைகள் திரும்பின. பக்கத்திலிருந்த பெண் அவள் முழங்கையைப் பிடித்து மெல்ல உந்தினாள். எலிசாள் அந்தக் கையை எடுத்து அவள் மடியிலேயே வைத்தாள்.

"சகோதரி," என்றார் போதகர் மறுபடியும், காது கேட்கவில்லையோ என்று. "ஒண்ணும் பேச வேண்டாம். நின்றால் போதும்."

யோசுவா மைக்கைத் தாழ்த்திக்கொண்டு அவளைப் பார்த்தார். சும்மா எழுந்திரி, ஒரு நிமிஷம், எனக்காக என்று அந்தப் பார்வை கெஞ்சியது. இருபத்தொன்பது வருஷத்தில் அவர் அவளிடம் எதையும் கெஞ்சியதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது.

"இல்ல ஐயா," என்றாள் எலிசாள், அடுத்த வரிசைக்குக் கேட்கிற அளவு குரலில். "எனக்குத் தோளில முன்னயும் ஒரு கொழப்பமும் இருக்கல்ல."

போதகர் தாளைப் புரட்டி அடுத்த அறிவிப்புக்குப் போனார். அவள் உட்கார்ந்தே இருந்தாள்.